உண்ணி முட்டை போடுறது நாய் மேல இல்லைங்க, உங்க வீட்டு இடுக்குல

கேள்வி: டாக்டர், எங்க வீட்ல மூணு வயசு நாய் ஒண்ணு இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி காதுக்குள்ள, கால் விரல் இடுக்குல எல்லாம் உண்ணி. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, ஒவ்வொண்ணா கையாலயே பிடுங்கி, சுத்தமா போயிருச்சுன்னு நினைச்சோம். இப்போ மறுபடியும் வந்துருச்சு. போன வாரம் அது படுக்குற மெத்தைக்கு அடியில ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் கலர்ல உப்பிப்போன ஒண்ணு கிடந்துச்சு, செருப்பால நசுக்கிட்டேன். கதவு நிலை இடுக்குல பழுப்பு கலர்ல பொடிப்பொடியா ஒரு குவியல் இருக்கு. நேத்து ராத்திரி பார்த்தா சுவத்துல புள்ளி புள்ளியா நிறைய ஏறுது. உண்ணி நாயோட தோலுக்குள்ள முட்டை வெச்சிருக்கா? ஒரு உண்ணி எத்தனை முட்டை போடும்? நசுக்கினா முட்டை தெறிச்சுப் பரவும்னு சொல்றாங்களே, நிஜமா? எங்க பொண்ணுக்கு நாலு வயசு, அவ தலையில, காதுல முட்டை வெச்சிருமோன்னு தூக்கமே வரல. மாமியார் நாயை யார்கிட்டயாவது குடுத்துரலாம்னு சொல்றாங்க.

பதில்:

வணக்கம்ங்க. உங்க தூக்கத்தைக் கெடுக்குற கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். உங்க பொண்ணு தலையில, காதுல உண்ணி முட்டை வைக்காது. நாயோட தோலுக்குள்ளயும் வைக்காது, முடியிலயும் ஒட்டாது. பேன்தான் முடியில ஈர் ஒட்டி வைக்கும், அதை வெச்சுதான் நிறைய பேர் உண்ணியும் அப்படித்தான்னு நினைச்சுக்கறாங்க. உண்ணிக்கு உடம்புங்கறது சாப்பிடுற இடம், ஜோடி சேர்ற இடம், அவ்வளவுதான். முட்டை போடணும்னா அது கீழ இறங்கியே ஆகணும். நீங்க ரெண்டு மாசமா நாயை மட்டும் பார்த்துப் பார்த்து சுத்தம் பண்ணியும் மறுபடி வந்ததுக்குக் காரணமே இதுதான், நாய் மேல இருந்தது போயிருச்சு, வீட்ல இருந்தது அப்படியே இருந்துச்சு.

நீங்க எழுதினதை வெச்சுப் பார்த்தா இது வீட்டு நாய்கள்ல சாதாரணமா வர்ற பழுப்பு நாய் உண்ணி. மத்த உண்ணி பெரும்பாலும் புல்லு, புதர்னு வெளியில வளரும், இது ஒண்ணு வீட்டுக்குள்ளயே தலைமுறை தலைமுறையா குடித்தனம் நடத்தக்கூடியது. நீங்க பார்த்த மூணும் ஒரே கதையோட மூணு கட்டம்ங்க. உப்பிப்போன சாம்பல் கலர் உருண்டை வயிறு நிறைய ரத்தம் குடிச்ச பெண் உண்ணி. கதவு நிலை இடுக்குல இருக்குற பழுப்புக் குவியல் முட்டை. சுவத்துல ஏறுற புள்ளிங்க பொரிஞ்சு வந்த குஞ்சு உண்ணி. ஆனா ஒண்ணு கவனிங்க, முட்டை பொரிய ரெண்டுல இருந்து அஞ்சு வாரம் ஆகும், அதனால போன வாரம் நீங்க நசுக்கின உண்ணி இந்தக் குஞ்சுங்களோட அம்மா கிடையாது. இதுங்களோட அம்மா அதுக்கும் பல வாரம் முன்னாடியே எங்கயோ இறங்கி, முட்டை போட்டு, செத்தும் போயிருக்கும். அப்படின்னா உங்க வீட்ல முட்டைக் குவியல் ஒண்ணுக்கு மேலயே இருக்க வாய்ப்பு இருக்கு.

இது எப்படி நடக்குதுன்னு ஆரம்பத்துல இருந்து சொல்றேன், இது புரிஞ்சாதான் எந்த நாள்ல என்ன பண்ணணும்னு புரியும்.

வளர்ந்த ஆண் உண்ணியும் பெண் உண்ணியும் ரெண்டுமே நாய் மேல ஏறும். ஆணோட முதுகு முழுக்க கெட்டியான ஓடு மூடியிருக்கும், அதால உப்பவே முடியாது, கொஞ்சமா ரத்தம் குடிச்சுட்டு கடைசி வரைக்கும் தட்டையாவே இருக்கும். பெண்ணுக்கு அந்த ஓடு தலைக்குப் பின்னாடி கொஞ்சூண்டுதான், மீதி உடம்பு முழுக்க மடிப்பு மடிப்பா விரியுற தோல். பெண் உண்ணி ஒரு இடத்துல வாயைச் செருகி உக்காந்து மெதுவா குடிக்க ஆரம்பிக்கும், குடிக்கும்போதே உடம்புல இருந்து ஒரு வாசனையை விடும், அதை மோந்துக்கிட்டு ஆண் நடந்து வந்து அது வயித்துக்கு அடியில நுழைஞ்சுக்கும். பெரிய உண்ணியைப் பிடுங்கும்போது அடியில சின்னதா தட்டையா ஒண்ணு ஒட்டிக்கிட்டு வர்றதை நீங்களும் பார்த்திருப்பீங்க, எல்லாரும் அதைக் குட்டின்னு நினைப்பாங்க. அது குட்டி இல்ல, ஆண். விந்து இருக்குற ஒரு சின்னப் பையை அது தன்னோட வாய் உறுப்பாலயே எடுத்து பெண்ணோட அடிவயித்துல இருக்குற துவாரத்துல வைக்கும்.

இந்த ஜோடி சேர்றதுலதான் எல்லாமே இருக்கு. ஆண் கிடைக்காத பெண் உண்ணி அரைகுறையா குடிச்சுட்டு நாள் கணக்கா அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கும், முழுசா உப்பாது. சேர்ந்ததுக்கு அப்புறம்தான் கடைசி ஒரு நாள், ஒண்ணரை நாள்ல மடமடன்னு இழுத்து, ஆரம்பத்துல இருந்த எடையைப் போல சுமார் நூறு மடங்கு வரைக்கும் போயிரும். மொத்தமா பார்த்தா ஏறி உக்காந்ததுல இருந்து இறங்குறதுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். ஆண் இறங்காம அங்கயே சுத்தி அடுத்தடுத்த பெண்ணைத் தேடும், அதனால குண்டா இருக்கறதை மட்டும் பிடுங்கிட்டு சின்னதை விட்டுட்டீங்கன்னா அடுத்து வர்ற பெண்ணுக்கு ஜோடி ரெடியா காத்துக்கிட்டு இருக்கும். (ஆணே இல்லாம முட்டை போட்டு இனம் பெருக்குற ஒரு வகை உண்ணியும் உலகத்துல இருக்கு, அதுக்கு நீளக்கொம்பு உண்ணின்னு பேரு, மாட்டு மேலதான் அதிகமா இருக்கும். உங்க வீட்ல இருக்கறது அது இல்ல, அந்தக் கவலை வேண்டாம்.)

வயிறு நிறைஞ்சதும் பெண் உண்ணி வாயை உருவிக்கிட்டு கீழ விழும். நாய் அதிக நேரம் எங்க படுக்குதோ அங்கதான் நிறைய விழும், அதான் உங்களுக்கு மெத்தைக்கு அடியில கிடைச்சது. விழுந்த உடனே முட்டை போடாது. முதல்ல இடம் தேடும், இந்த வகைக்கு மேல ஏறுற பழக்கம் அதிகம். கதவு நிலை, ஜன்னல் சட்டம், சுவத்துல மாட்டின படத்துக்குப் பின்னாடி, கட்டில் கால் இடுக்கு, சுவர் ஓரத்துல டைல்ஸ் ஒட்டின இடத்துல இருக்குற விரிசல், சீலிங் மூலை வரைக்கும் போகும். அங்க போய் நாலஞ்சு நாள் சும்மா உக்காந்திருக்கும், குடிச்ச ரத்தம் பூரா உள்ள முட்டையா மாறுற நேரம் அது. அப்புறம் போட ஆரம்பிச்சா ரெண்டு வாரத்துக்கும் மேல தொடர்ந்து போட்டுக்கிட்டே இருக்கும். நீங்க கேட்ட கணக்கு, இந்த வகையில ஒரு பெண் சராசரியா 4,000 முட்டை, நல்லா குடிச்சதுன்னா 7,000 வரைக்கும். ஆயுசுக்கே ஒரு தடவைதான் போடும், அதுவும் ஒரே இடத்துல. போட்டு முடிச்சதும் செத்துரும், சுருங்கின காஞ்ச தோலா முட்டைக் குவியலுக்குப் பக்கத்துலயே கிடக்கும். உங்க கதவு இடுக்குல டார்ச் அடிச்சுப் பாருங்க, பெரும்பாலும் தெரியும்.

முட்டை போடுறதை நான் ஒரு கண்ணாடி பாட்டில்ல வெச்சு லென்ஸ்ல பார்த்திருக்கேன். முட்டை வெளிய வர்ற நேரத்துல அது வாயை அடிவயித்துப் பக்கமா மடக்கிக்கும், உடனே தலைக்கு மேல ஓட்டுக்கு அடியில இருந்து ஈரமா, பளபளன்னு, கண்ணாடி மாதிரி தெளிஞ்ச ஒரு பை பிதுங்கி வெளிய வரும். அது அந்த ஒரு முட்டையை வாங்கி மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சைத் தடவி விட்டுட்டு உள்ள போயிரும். அப்புறம் அடுத்த முட்டை, மறுபடி பை வரும், தடவும், போகும். இப்படி ஆயிரக்கணக்குல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா. முட்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அதோட முகத்துக்கு முன்னாடி குவிஞ்சு, முதுகு மேல கூட ஏறிரும். அந்தப் பைக்கு ஜெனே உறுப்புன்னு பேரு, ஒரு இத்தாலிய இயற்கை ஆய்வாளரோட பேரு அது. அந்தப் பூச்சு கிடைக்காத முட்டை சீக்கிரமே காஞ்சு சுருங்கிப் போயிரும், பொரியாது. பூச்சு கிடைச்ச முட்டை ஈரப்பதம் உள்ள நிக்குறதால வாரக்கணக்கா தாங்கும். நீங்க தினமும் தரை துடைச்சும் அதுக்கு ஒண்ணும் ஆகாததுக்கு இந்தப் பூச்சும் ஒரு காரணம், துடைப்பம் போகாத இடுக்குல இருக்கறது இன்னொரு காரணம்.

பொரிஞ்சு வர்றதுக்கு ஆறு கால்தான் இருக்கும், கண்ணுக்குப் புள்ளியா தெரியும். அது நாய் மேல ஏறி மூணுல இருந்து ஏழு நாள் குடிச்சுட்டு இறங்கும், இடுக்குல போய் ரெண்டு வாரம் போல இருந்து தோலுரிச்சு எட்டு கால் ஆகும். மறுபடி ஏறி அஞ்சுல இருந்து பத்து நாள் குடிக்கும், மறுபடி இறங்கி ரெண்டு வாரம் போல இருந்து தோலுரிச்சு வளர்ந்த உண்ணியா வரும், மறுபடி ஏறும். ஆக ஒரு ஆயுசுல மூணு தடவை நாய் மேல ஏறுது, மூணு தடவை இறங்குது, மீதி நேரம் பூரா உங்க வீட்லதான். எல்லாம் தோதா அமைஞ்சா முட்டையில இருந்து அடுத்த முட்டை வரைக்கும் ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு மாசம் முன்னாடி சுத்தம் பண்ணோம், இப்போ மறுபடி வந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்களே, கணக்கு அப்படியே பொருந்துது. குளிர் இருந்தா இது இழுத்துக்கிட்டுப் போகும், வெயில் காலத்துல வேகமா ஓடும்.

மாடு வெச்சிருக்கறவங்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்காக ஒண்ணு. மாட்டு உண்ணி இப்படி மூணு தடவை இறங்கி ஏறாது, குஞ்சா ஏறினது அதே மாட்டுலயே தோலுரிச்சு வளர்ந்து ஜோடி சேர்ந்து, சுமார் மூணு வாரத்துல பெண் மட்டும் முட்டை போட இறங்கும். அதனால அங்க மருந்து போடுற கணக்கே வேற. அம்மா உண்ணி குடிச்ச நோய்க்கிருமி முட்டை வழியா குஞ்சுக்கும் போகும்ங்கறதை இந்த மாட்டு உண்ணியை வெச்சுதான் கண்டுபிடிச்சாங்க, அமெரிக்காவுல தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893ல வெளியிட்ட வேலை அது. முட்டையில இருந்து அப்பத்தான் பொரிஞ்ச, அதுவரைக்கும் யாரையும் கடிக்காத குஞ்சுங்களை நல்ல மாட்டு மேல விட்டதுக்கே காய்ச்சல் வந்துச்சு.

சரி, நசுக்குற விஷயம். புதுசா விழுந்த உண்ணியை நசுக்கினா முட்டை தெறிச்சுப் பொரியும்ங்கறது உண்மை இல்ல, அந்த நேரத்துல உள்ள இருக்கறது பெரும்பாலும் ரத்தம்தான், முட்டை இன்னும் உருவாகி வெளிய வரல, பூச்சும் கிடைக்கல. ஆனாலும் நசுக்காதீங்க. நோய்க்கிருமி இருந்தா அந்த ரத்தத்துல இருக்கும், உங்க விரல்ல ஒரு கீறல் இருந்தாலோ, அந்தக் கையாலயே கண்ணைத் தேய்ச்சாலோ உள்ள போக வாய்ப்பு இருக்கு. முட்டை போட ஆரம்பிச்ச உண்ணியை நசுக்கினா வெளிய வந்த முட்டைங்க செருப்புல ஒட்டி வேற ரூமுக்குப் போகும், அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மூடி இருக்குற சின்ன பாட்டில்ல கொஞ்சம் சர்ஜிகல் ஸ்பிரிட் ஊத்தி வெச்சுக்கோங்க, பிடுங்குறது, கீழ கிடக்குறது எல்லாத்தையும் அதுல போட்டு மூடிடுங்க. ஜன்னல் வழியா வெளிய தூக்கிப் போடுறது வேண்டவே வேண்டாம், வயிறு நிறைஞ்ச பெண் உண்ணிக்கு இனி நாய் தேவையே இல்ல, ஒரு இடுக்கு கிடைச்சாப் போதும், வெளிய விழுந்தும் முட்டை போட்டுரும்.

இப்போ என்ன பண்ணணும். இன்னைக்கே அந்தக் கதவு நிலைக் குவியலை எடுங்க. பெருக்காதீங்க, பெருக்கினா சிதறும். அகலமான செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, டேப்பை மடிச்சு கவர்ல போட்டுக் கட்டி குப்பையில போடுங்க. அடர் பழுப்பா பளபளன்னு இருந்தா இன்னும் பொரியல, உங்க நல்ல நேரம். வெளிறி வெறும் ஓடா இருந்தா பொரிஞ்சு போயிருச்சு. சுவத்துல ஏறுற குஞ்சுங்களையும் டேப்பாலயே எடுக்கலாம், வாக்குவம் கிளீனர் இருந்தா இன்னும் நல்லது, ஆனா எடுத்த உடனே உள்ள இருக்கறதை கவர்ல கட்டி வெளிய போட்டுடணும். நாயோட மெத்தை உறை, துணி எல்லாம் கொதிக்கக் கொதிக்க சுடுதண்ணியில துவைங்க, வெறும் ஊறவெச்சு அலசுறது பத்தாது. விரிசல் எல்லாத்தையும் பூசி அடைச்சுடுங்க, பலர் இதைச் செய்யறதே இல்ல, ஆனா உண்ணிக்கு வீட்டுக்குள்ள இடமே இல்லாமப் பண்றதுக்கு இதைவிட நல்ல வேலை இல்ல.

நாய்க்கு வாய் வழியா குடுக்குற உண்ணி மாத்திரை இப்போ நல்லா வேலை செய்யுது. ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர்னு பேர் இருக்கும், சிலது மாசம் ஒரு தடவை, ஃப்ளூரலானர் மட்டும் சுமார் 12 வாரம் தாங்கும். இதை எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. மாத்திரை போட்ட நாய் மேல உண்ணி ஏறத்தான் செய்யும், கடிக்கவும் செய்யும், ஆனா கடிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துரும். பெண் உண்ணிக்கு முட்டை போடுற அளவுக்குக் குடிக்க ஒரு வாரம் வேணும்னு சொன்னேன்ல, அந்த ஒரு வாரம் அதுக்குக் கிடைக்கவே கிடைக்காது. இடுக்குல இருக்கறது ஒவ்வொண்ணா வெளிய வந்து நாய் மேல ஏறி முட்டை போடாமலே சாகும். அதனால மாத்திரை குடுத்த அப்புறமும் சில வாரம் நாய் மேல உண்ணி தெரிஞ்சா மருந்து வேலை செய்யலன்னு நிறுத்திடாதீங்க, அது வீட்ல இருந்து வர்ற பழைய சரக்கு. பெரும்பாலானவங்க தோக்குறது இங்கதான், முதல் மாசம் குடுத்து உண்ணி காணாமப் போனதும் விட்டுடறாங்க, இடுக்குல தோலுரிச்சுக்கிட்டு இருக்கறது வெளிய வரும்போது நாய்க்குப் பாதுகாப்பு இல்ல. குறைஞ்சது ஆறு மாசம், முடிஞ்சா வருஷம் முழுக்க, ஒரு நாள் கூட இடைவெளி விடாம குடுங்க. உங்க நாயோட எடை பார்த்து டாக்டர் சொல்ற அளவுதான் குடுக்கணும். வலிப்பு வந்த நாய்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, இந்த வகை மருந்துக்கு அந்த எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018லயே குடுத்திருக்கு. வீட்ல வேற நாய் இருந்தா அதுக்கும் அதே நாள்ல ஆரம்பிங்க.

வீட்டுக்கு ஸ்ப்ரே அடிக்கணும்னா அதுக்குன்னு இருக்கற பெஸ்ட் கண்ட்ரோல் ஆளுங்களைக் கூப்பிடுங்க, தரை மட்டும் அடிச்சா பிரயோஜனம் இல்ல, இடுக்கு, நிலை, படத்துக்குப் பின்னாடி, சீலிங் ஓரம்னு காட்டிக் காட்டி அடிக்கச் சொல்லுங்க. முட்டையை அந்த மருந்து அவ்வளவா தொடாது, அதனால பொரிஞ்சு வர்றதுக்காக ரெண்டு வாரம் விட்டு மறுபடி அடிக்கணும், அப்புறமும் ஒண்ணு ரெண்டு தடவை. காயுற வரைக்கும் குழந்தையும் நாயும் உள்ள வரக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு விஷம், மீனுக்கும் விஷம், வீட்ல இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. மண்ணெண்ணெய், ஃபினாயில் எதையும் நாய் மேல தடவாதீங்க, தோல் வெந்து, நக்கி உள்ள போய், உண்ணியை விட அதுவே பெரிய ஆபத்தா முடிஞ்ச கேஸ் நான் பார்த்திருக்கேன்.

குழந்தை விஷயம். இந்த உண்ணி நாயைத்தான் தேடும், ஆனா பசியில இருக்கும்போது மனுஷங்களையும் கடிக்கும். கடிச்சா கடி மட்டும்தான், முட்டை கிடையாது. தினமும் ராத்திரி தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி காதுக்குப் பின்னாடி, கழுத்து, தலைமுடி ஓரம், அக்குள், இடுப்பு மடிப்பு பாருங்க. ஒட்டியிருந்தா கூரான ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு, முறுக்காம, நேரா மெதுவா இழுங்க, எண்ணெய் ஊத்துறது, தீக்குச்சி வைக்கிறது வேண்டாம். காது துவாரத்துக்குள்ள போயிருந்தா நீங்க எடுக்க முயற்சி பண்ணாதீங்க, காது டாக்டர்கிட்ட போங்க. கடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், தலைவலி, உடம்புல சிவப்புத் தடிப்பு ஏதாவது வந்தா டாக்டர்கிட்ட போகும்போது உண்ணி கடிச்சுதுன்னு நீங்களே சொல்லணும், அவங்க கேக்கணும்னு காத்திருக்காதீங்க.

உங்க மாமியார் பயப்படுறதுல தப்பில்லைங்க, வீட்ல சின்னக் குழந்தை இருக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. நாயை இன்னைக்கு வெளிய அனுப்பினா சுவத்துல இருக்கற உண்ணி கூடவே போகாது. வளர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாம 18 மாசம் வரைக்கும் இருக்கக் கூடியது, குஞ்சு கூட மாசக்கணக்குல தாங்கும். நாய் இல்லாத வீட்ல அதுங்களுக்குக் கடிக்கக் கிடைக்கப் போறது நீங்களும் குழந்தையும்தான். மருந்து போட்ட நாய் வீட்ல இருக்கறவரைக்கும் அது அந்த உண்ணிங்களை இழுத்துக் கொன்னுக்கிட்டே இருக்கும், இப்போதைக்கு உங்க பொண்ணுக்குப் பெரிய காவலே அந்த நாய்தான். சில வாரத்துக்கு அது குழந்தை கட்டில்ல, சோபாவுல ஏறாம, டைல்ஸ் போட்ட ஒரே இடத்துல படுக்க வைங்க, அந்த இடத்துல துணி தவிர வேற சாமான் வேண்டாம், உண்ணி விழுந்தா கண்ணுக்குத் தெரியணும்.

கடைசியா, நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லியே ஆகணும். ரெண்டு மாசமா கடி வாங்கின நாய், ஒரு தடவை ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க, ரத்தம் உறைய உதவுற தட்டணுக்கள் (பிளேட்லெட்) எண்ணிக்கையோட சேர்த்து. எர்லிகியா, பெபேசியான்னு ரெண்டு நோயை இந்த உண்ணி பரப்பும், ஆரம்பத்துல நாய் கொஞ்சம் சோர்ந்து, சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு எழுந்து போகும், அவ்வளவுதான் தெரியும். ஈறு வெளிறிப் போச்சு, மூக்குல ரத்தம் வருது, மூத்திரம் காப்பி கலர்ல போகுதுன்னா மறுநாள் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே தூக்கிக்கிட்டுப் போங்க. சீக்கிரம் பிடிச்சா ரெண்டுமே மருந்துல சரியாகுற நோய்தான். மாத்திரை ஆரம்பிச்ச தேதியை காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கிட்டு, ரெண்டு மாசம் கழிச்சு வீட்டு இடுக்குல என்ன நிலைமைன்னு எனக்கு எழுதுங்க.